மணற்கணக்கு

மதிப்பற்ற பொருளுக்கு உவமை தேவைப்பட்டால் மணலைக் காட்டுகிறோம். எண்ணி முடியாத பொருளுக்கு உவமை தேவைப்பட்டாலும் மணலையே காட்டுகிறோம். ஆகாத காரியத்தை ஆக்கிக் காட்டுவதாகக் கதைப்பவனை, 'மணலைக் கயிறாகத் திரிக்கிறான்' என்று கேலி பேசுகிறோம். நாம் இப்படி நாள்தோறும் நாவாலும் காலாலும் மிதித்துவரும் இந்த மணலைத் தேடித்தான் இன்று கடலில் கப்பல்கள் அலைகின்றன, சட்டங்கள் திருத்தப்படுகின்றன, ஏல அறிவிப்புகள் வெளிவருகின்றன. உலகம் ஆண்டுதோறும் வாரிப் பயன்படுத்தும் மணலும் சரளையும் ஏறத்தாழ 5,000 கோடி டன் என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு 2022ஆம் ஆண்டில் கணக்குச் சொல்லிற்று. அடுத்த ஆண்டு அதே அமைப்பு இன்னொரு கணக்கும் தந்தது: கடலடியிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 400 கோடி முதல் 800 கோடி டன் வரை அள்ளப்படுகிறது!

கடலோரத்திலும் கடலடியிலும் மணல் எங்கே கிடக்கிறது என்று கண்டறிவது ஒரு கலை. கண்டறிந்த பிறகு அது எவர் கைக்குப் போகிறது என்பது அரசியல். இரண்டையும் சேர்த்தே இந்த வாரம் எண்ணிப் பார்ப்போம்.

முதலில் தேவையைப் பார்ப்போம். தியாகராய நகருக்குச் செல்லுங்கள். 1920களின் முற்பகுதியில், நீதிக்கட்சி ஆட்சியின்போது, நீண்டு கிடந்த பழைய ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகர் அது. வள்ளல் தியாகராயரின் பெயரைத் தாங்கி நிற்பது. நீர் நின்ற இடத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. பழைய வீடு இடிகிறது. ஐந்து மாடி எழுகிறது. எழும் ஒவ்வொரு தூணிலும் சிமெண்டு ஒரு பங்கென்றால் மணல் ஒன்றரைப் பங்கு, இரண்டு பங்கு. சிமெண்டு ஆலையில் பிறக்கும், கம்பி உலையில் பிறக்கும், மணல்? அதைப் பெற்றுத் தந்தவை நம் ஆறுகள். பாலாறும் காவிரியும் கொள்ளிடமும் பல்லாயிரம் ஆண்டு பாடுபட்டுச் சேர்த்ததைச் சில பத்தாண்டுகளில் லாரியேற்றி முடித்தோம். 2003இல் ஆற்றுமணல் அள்ளும் பணியைத் தமிழக அரசே எடுத்துக்கொண்டது. அப்போதும் தட்டுப்பாடு தீரவில்லை; பாறையை உடைத்துப் பொடியாக்கிய செயற்கை மணல் சந்தைக்கு வந்தது. 2018இல் எண்ணூரில் உள்ள காமராசர் துறைமுகத்தில், மலேசியாவிலிருந்து கப்பலேறி வந்த மணல் இறங்கிற்று.

எண்ணூரில் வெளிநாட்டு மணல்! இதன் கசப்பு முழுவதையும் உணர வேண்டுமானால், எண்ணூருக்கு மணலுலகில் இருக்கும் பெருமையை அறிந்திருக்க வேண்டும். இந்தியாவில் சிமெண்டின் வலிமையைச் சோதிக்க ஒரு பொதுவான மணல் வேண்டும். இல்லாவிடில் ஒவ்வோர் ஆலையும் தனக்குத் தோதான மணலைக் கலந்து, 'என் சிமெண்டே வலியது' என்று மார்தட்டும். அதற்காக இந்தியத் தர விதி ஒரு மணலைக் குறித்து வைத்தது. அதுதான் எண்ணூர் மணல். பருவெட்டு, நடுத்தரம், நுண்மை என்று மூன்று அளவாகச் சலித்து, சமபங்கு சேர்த்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து, சிறு கனசதுரக் கட்டிகள் வார்த்து, 28 நாள் நீரில் ஊறவைத்து, பிறகு எந்திரத்தில் இட்டு நசுக்கிப் பார்க்கிறார்கள். மூட்டையின்மீது 43 என்றும் 53 என்றும் அச்சடித்திருக்கிறதே, அந்த எண் இந்தச் சோதனையில் பிறந்த எண். காசுமீரத்தில் கட்டும் வீட்டுக்கும் கன்னியாகுமரியில் கட்டும் வீட்டுக்கும் சிமெண்டுக்குச் சான்றளிப்பது சென்னைக் கடற்கரையின் மணல்!

எண்ணூர் மணலுக்கு இந்தத் தகுதி எப்படி வாய்த்தது? யாரோ ஒருவர் அதை எடுத்தார், சலித்தார், எடைபோட்டார், பிற மணல்களோடு ஒப்பிட்டார், தக்கது இதுவே என்று எழுதி வைத்தார். காலடியில் கிடப்பதைக் கண்ணெடுத்துப் பார்த்தார். தேடல் என்பது அதுதான். தேடலை நாம் வெறுக்கவில்லை, தோழர்களே! தேடாத இனம் தேய்ந்த இனம். அலை குவித்த மணலுக்கு எக்கர் என்றும் நுண்ணிய மணலுக்கு அயிர் என்றும் வேறுவேறு பெயர் வைத்து, நெய்தல் என ஒரு நிலத்தையே வகுத்துக்கொண்ட மக்கள் நாம். நமக்கு மணலாராய்ச்சி புதிதன்று.

இன்றைய ஆராய்ச்சி எப்படி நடக்கிறது? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் ஒரு பகுதி பனியாக உறைந்து கிடந்த காலத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இன்று மீன்பிடிப் படகுகள் மிதக்கும் இடத்தில் அன்று ஆறுகள் ஓடின. மணற்கரைகள் விரிந்து கிடந்தன. பனி உருகிக் கடல் ஏறியபோது அந்த ஆற்றுப் படுகைகள் அப்படியே மூழ்கிவிட்டன. அவற்றைத் தேடி ஆய்வுக் கப்பல் செல்கிறது. ஒலியலையை நீருக்குள் செலுத்துகிறது. எதிரொலி, கடற்படுகையின் மேடுபள்ளத்தையும் அதற்கடியில் இருக்கும் அடுக்குகளையும் படமாக வரைந்து தருகிறது. பிறகு அதிரும் குழாயைப் படுகையில் இறக்கி, மண் அடுக்குக் கலையாமல் ஒரு தண்டாக எடுத்து வருகிறார்கள். சேறு எவ்வளவு, சிப்பி எவ்வளவு, மணியின் பருமன் என்ன, உப்பு எவ்வளவு என்று ஆய்வுக்கூடம் சொல்கிறது. உப்பைக் கழுவாமல் கட்டடத்துக்குப் போட்டால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துத் தூணையே பிளக்கும். ஆகவே கம்பியிட்ட கான்கிரீட்டில் கனமீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கலாகாது என்கிறது இந்திய விதி. கழுவிப் பயன்படுத்தும் நாடுகள் உண்டு. இங்கிலாந்து பயன்படுத்துகிறது. அக்கரையில் இலங்கையும் முத்துராஜவெலையில் கடல்மணலைக் குவித்து வைத்துக் கட்டடங்களுக்கு விற்றுவந்திருக்கிறது.

இத்தனை நுட்பமும் நம் வாயிலிலேயே இருக்கிறது. கிண்டியில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அலுவலகம். பள்ளிக்கரணையில் 1993இல் தொடங்கிய தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் கடற்கரை மேலாண்மை மையம். பக்கத்திலேயே தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் துறை. அடையாற்றின் தென்புறத்தில் அறிவுக்குப் பஞ்சமில்லை. நம் கவலை வேறு.

அந்தக் கவலையைப் புரிந்துகொள்ள மெரினாவுக்கு வாருங்கள்.

மாநிலக் கல்லூரிக் கட்டடம் எழுந்த 1870இல், அதன் எதிரே இன்றிருப்பதுபோல் அகன்ற மணற்பரப்பு கிடையாது. கடல் வெகு அருகில் இருந்தது. கோட்டையின் கிழக்கு மதிலை ஒரு காலத்தில் அலைகளே தொட்டன. 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் கல்லைக் கொட்டி நீண்ட கரங்கள்போல் தடுப்புச் சுவர்கள் எழுப்பினார்கள். 1881இல் வந்த புயல் அவற்றை உடைத்தது, மீண்டும் கட்டினார்கள். அந்தக் கற்சுவர் கப்பலுக்குப் புகலிடம் தந்ததோடு நில்லாமல், எவரும் எதிர்பாராத வேறொரு வேலையையும் செய்தது. நம் கரையில், ஆண்டின் பெரும்பகுதியில், மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் சில மாதங்களில் திசை மாறும். ஆயினும் ஆண்டுக்கணக்கை முடித்துப் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. அப்படிப் போய்க்கொண்டிருந்த மணலைத் துறைமுகச் சுவர் தடுத்து நிறுத்திற்று. நின்ற மணல் ஆண்டுக்காண்டு குவிந்தது. குவிந்த மணலே மெரினா! 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவுசாலை அமைத்துப் பெயரும் சூட்டினார். நம் கூட்டங்களுக்கு இடம் கொடுத்த மணல், 2017 ஜனவரியில் ஏறுதழுவும் உரிமைக்காக இளைஞர் திரண்டு நின்ற மணல், சுவர் ஒன்று வழிமறித்ததால் சேர்ந்த மணல்.

மயிலைக்கும் திருவல்லிக்கேணிக்கும் மணல் வந்தது, சரி. போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நின்றதே, அந்த இடம் என்னவாயிற்று? ராயபுரம் கரைந்தது. துறைமுகத்துக்கு வடக்கே கடல் ஊருக்குள் புகுந்தது. மீனவர் தெருக்கள் அலைவாயில் போயின. கரை நெடுகப் பாறாங்கல்லைக் கொட்டித் தடுக்க வேண்டிவந்தது. மயிலையின் வரவு, ராயபுரத்தின் செலவு! தென்கரையில் சேர்ந்ததை 'இயற்கை தந்த படிவு' என்று எழுதிய பேனா, வடகரை இழந்ததை அதே ஏட்டில் எழுதவில்லை.

தோழர்களே! இதுதான் நான் சொல்ல வந்த செய்தி. கடற்கரை மணல் ஓரிடத்தில் புதைந்த புதையல் அன்று, ஓடும் கணக்கு. புயற்காலத்தில் கரையின் மணல் கடலுக்குள் இறங்கிச் சற்றுத் தொலைவில் திட்டாகப் படுத்திருக்கும். கடல் அடங்கியதும் மெல்ல மெல்லக் கரையேறும். ஆய்வுக்காரர் கருவிக்கு அது ஒரு படிவாகத் தெரியும். மெய்யாக அது கரையின் வைப்புநிதி. அதை வாரிச் சென்றால், அடுத்த புயலுக்குப் பிறகு கரை தன் மணலைத் தேடும், கிடைக்காது, குடிசையின் கீழிருக்கும் மணலை எடுத்துக்கொள்ளும். அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய சீனிவாசபுரத்தாரைக் கேளுங்கள். கடல் வீட்டுச் சுவரைத் தின்றால் எப்படியிருக்கும் என்று 2018இல் கண்டவர்கள் அவர்கள். மணல் எங்கே இருக்கிறது என்று மட்டும் கண்டால் போதாது. எங்கிருந்து வந்தது, எங்கே போக வேண்டியது என்றும் காண வேண்டும். முன்னது கிடங்குக் கணக்கு. பின்னது குடும்பக் கணக்கு.

கிடங்குக் கணக்கை மட்டும் பார்ப்பவர் கையில் மணல் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கோடிக் கரை சாட்சி. மணலைக் கயிறாகத் திரிப்பதைப்பற்றிப் பேசினோமே! கயிறே மணலைக் காட்டிக்கொடுத்த கதையைக் கேளுங்கள். 1909இல் செருமானிய வேதியியலார் ஷோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து வந்த தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்தார். அதில் மோனசைட் மின்னிற்று. தோரியம் தரும் தாது அது; அந்நாளில் எரிவாயு விளக்குகளின் வலைக்குத் தோரியம் வேண்டும். மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. நம் கயிறு ஐரோப்பாவுக்குப் போயிற்று. நம் மணலின் மதிப்பை ஐரோப்பா கண்டது. நம் மக்கள் கூலிக்குச் சுமந்தார்கள். 1950இல் அரசின் அருமண் நிறுவனம் பிறந்தது. 1956 நவம்பர் 1இல் குமரி தாய்த்தமிழகத்தோடு இணைந்தது. 1965இல் மணவாளக்குறிச்சி ஆலையும் அந்நிறுவனத்தின் கைக்கு வந்தது.

அந்தக் கரையின் கருமணலில் வண்ணப்பூச்சின் வெண்மைக்கு இல்மனைட் உண்டு. பீங்கானுக்குச் சிர்க்கான் உண்டு. அரம்போல் தேய்க்கக் கார்னெட் உண்டு. கடற்கரையில் மணல் அள்ளலாகாது என்று 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை தடை விதித்தது. ஆனால் 'வேறெங்கும் கிடைக்காத அரிய தாதுக்கள் நீங்கலாக' என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்தது. ஏழை வீடு கட்ட ஒரு கூடை அள்ளினால் குற்றம். தாதுக்காக ஆயிரம் லாரி அள்ளினால் தொழில்! சன்னல் வழியே யானை போயிற்று. 2013இல் தூத்துக்குடியிலும் பின்னர் நெல்லை, குமரி மாவட்டங்களிலும் தாதுமணல் அள்ளுவதற்குத் தமிழக அரசு தடை விதித்து ஆய்வுக்குழு அமைத்தது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம், மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்கட்டும் என்று ஆணையிட்டதுடன், 5,832 கோடி ரூபாய் வசூலிக்கும் நடவடிக்கைக்கும் வழிவிட்டது. அள்ளியது பல்லாண்டு, அளந்தது பிறகு! கண்டவரும் கொண்டவரும் கணக்கு எழுதியவரும் ஒரே பக்கம் நின்றதன் விலை அது.

இப்போது ஆட்டம் கரையை விட்டுக் கடலுக்குள் நகர்ந்திருக்கிறது. கேரளக் கடற்பரப்பில் ஐந்து பகுதிகளில் 74.5 கோடி டன் கட்டுமான மணல் இருப்பதாகப் புவியியல் ஆய்வுத்துறை கண்டறிந்தது. 2002ஆம் ஆண்டின் கடல்சார் கனிமச் சட்டத்தை 2023இல் டில்லி திருத்திற்று, ஏலமுறை வந்தது. 2024 நவம்பரில் முதல் தவணையாக 13 தொகுதிகளை ஏலத்துக்கு அறிவித்தார்கள். அவற்றில் மூன்று, கொல்லத்துக்கு எதிரேயுள்ள மணல். அந்தக் கடல் மீன்வளத்துக்குப் பெயர்பெற்ற கடல். 2025 பிப்ரவரி 27இல் கேரள மீனவர் வலையிறக்காமல் வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த மாதம் கேரளச் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றிற்று.

'அது கேரளத்துச் சங்கதி' என்று ஒதுங்க நமக்கு முடியுமா? சட்டத்தின் விந்தையைப் பாருங்கள். ஒரு மணற்பரல் ஆற்றில் கிடக்கும்வரை சிறுகனிமம். அதை ஒழுங்கு செய்யும் உரிமை மாநிலத்துக்கு. அதே பரல் வெள்ளத்தில் உருண்டு அலையைத் தாண்டிக் கடலுக்குள் விழுந்ததும், அரசமைப்பின் 297ஆம் பிரிவுப்படி டில்லியின் உடைமை, உரிமத்தொகையும் டில்லிக்கு! மலை நமது, மழை நமது, ஆறு நமது. மணல் மட்டும் பத்தடி தள்ளிப் போனால் நமதில்லை. கரை அரிக்கும்போது கல் கொட்டும் செலவு எவருடையது? அது மட்டும் மாநிலத்துடையது!

இதற்கு மேலும் ஒன்று. 2025 செப்டம்பரில், அணுக்கனிமம் முதலான சில கனிமத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்கத் தேவையில்லை என்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை வெளியிட்டது. குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 எக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊரூராக மக்கள் குரலெழுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். கருத்து கசக்குமென்று தெரிந்தால் கேட்பதையே நிறுத்திவிடுவது புதிய சனநாயகம் போலும்!

அப்படியானால் தேடலே கூடாதா என்று கேட்பீர்கள். தேடட்டும், நன்றாகத் தேடட்டும். ஆனால் முறை வேண்டும்.

முதலாவது: காணும் மணல்வரைபடம் ஒவ்வொன்றும் தமிழில் அச்சாகி, நொச்சிக்குப்பம் தொடங்கி ஊரூர்க்குப்பம் வரை, குளச்சல் வரை, ஒவ்வொரு மீனவர் ஊர்ச்சபைக்கும் வரவேண்டும். எந்த நீரோட்டம் எந்த மாதம் எந்தப் பக்கம் மணலைத் தள்ளும் என்பதை அந்த மக்கள் அன்றாடம் காண்கிறார்கள். ஒவ்வொரு நீரோட்டத்துக்கும் தனித்தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் ஆய்வேட்டில் ஏற வேண்டும்.

இரண்டாவது: புதிய மணலைத் தேடுமுன், நாமே வழிமறித்து வைத்திருக்கும் மணலை எண்ண வேண்டும். துறைமுகச் சுவர்களின் தென்புறத்தில் குவிந்தது எவ்வளவு? கூவம், அடையாறு முகத்துவாரங்களை அடைக்கும் திட்டு எவ்வளவு? அதை அள்ளி, அரித்துப்போகும் வடகரைக்கு ஊட்டுவதே முதற் பயன். முடியாததன்று. 1989இல் கட்டிய துறைமுகச் சுவர்களால் கடற்கரையை இழந்த புதுச்சேரியில், நம் பள்ளிக்கரணை நிறுவனத்தார் 2018இல் கடலுக்குள் எஃகுத் தடுப்பு ஒன்றை இறக்கி மணற்கரையை மீட்டுக் காட்டினார்கள். ஒலாந்துக்காரர் 2011இல் ஹேக் நகருக்கு அருகே 2.15 கோடி கனமீட்டர் மணலைக் கொட்டி, 'இனி அலையே பரப்பிக்கொள்ளட்டும்' என்று விட்டார்கள். அந்த மணலைக் கரையின் அருகிலிருந்து அவர்கள் தோண்டவில்லை. 20 மீட்டர் ஆழக்கோட்டுக்கு அப்பாலிருந்து எடுத்தார்கள்.

மூன்றாவது: அதுபோல் நமக்கும் ஓர் எல்லைக்கோடு வேண்டும். கரையோடு கொடுக்கல் வாங்கல் நடத்தும் மணலை எவரும் தொடலாகாது. ஆழத்து மணலாயினும், மீன் முட்டையிடும் இடமா என்று தெரிந்த பின்னரே பேச்சு. பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கரையில் அந்த மணல்தான் மழையைக் குடித்து வைத்திருந்து கிணற்றுக்கு நன்னீர் தருகிறது. கடலுப்பு உள்ளே வராமல் காக்கிறது. அடும்பங்கொடி வேரோடி நிற்கும் அந்த மேடும் ஒரு பயன்படு படிவுதான். அதன் பயன், அதை அள்ளாமல் விடுவதில் இருக்கிறது!

நான்காவது: தேடுபவர் வேறு, எடுப்பவர் வேறு, அளப்பவர் வேறு என்று பிரிந்திருக்க வேண்டும். ஐந்தாவது: கடல்மணலின் உரிமத்தொகையில் கரைகாக்கும் மாநிலத்துக்கும் கரைவாழும் மக்களுக்கும் சட்டப்படி பங்கு வேண்டும், மக்கள் கருத்துக்கேட்பு எந்தக் கனிமத்துக்கும் விலக்கின்றி வேண்டும்.

தோழர்களே! தேநீர்க் கடையிலும் படிப்பகத்திலும் தெருமுனைக் கூட்டத்திலும் இதைப் பேசுங்கள். கொள்கை மாநாட்டுக்கு மட்டுமே உரிய பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். வீடு கட்டும் நண்பரிடம், அவர் வாங்கும் மணல் எந்த ஆற்றிலிருந்து, எந்தப் பாறையிலிருந்து, எந்தக் கடலிலிருந்து வந்தது என்று கேளுங்கள். ராயபுரத்துத் தோழரையும் மயிலைத் தோழரையும் ஒரே மேடையில் அமர்த்துங்கள். ஒருவர் பெற்றது மற்றவர் இழந்தது என்று இருவரும் அறியட்டும். தாதுமணல் போன பிறகு நீதிமன்றப் படியேறிக் கணக்குக் கேட்டோம். கடல்மணலுக்கு, அது போகுமுன்னே கேட்போம்.

மணலை எண்ண முடியாது என்பார்கள். எண்ண வேண்டாம், அளந்தால் போதும். அளவுகோல் மட்டும் மக்கள் கையில் இருக்கட்டும்.